கடிதத்துக்கும் தோள்சீலை வேண்டும்

மின்னஞ்சலையும், கம்ப்யூட்டரில் உள்ள தஸ்தாவேஜுகளையும் பூட்டி வைக்கப் பழகுங்கள் என்று நாம் சொல்லும்போதெல்லாம் நமது தோழர்களில் பலர் உடனே ஒரு பதில் சொல்லிவிடுகின்றார்கள். "நாம் என்ன திருடர்களா? கள்ளநோட்டு அடிக்கின்றோமா? நமது இயக்கம் பட்டப்பகலில் மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, பேர் போட்டு நோட்டீசு அச்சடித்துப் பேசுகின்ற இயக்கமாயிற்றே, நம்மிடம் மறைக்க என்ன இருக்கின்றது?" என்பதே அந்தப் பதிலாகும். கேட்பதற்கு இது மிகவும் வீரமான பேச்சாகவே தோன்றும். வேறு எந்த ஜில்லாக்காரராவது இப்படிப் பேசினால் தெரியாமல் பேசுகின்றார் என்று விட்டுவிடலாம். கன்னியாகுமரி ஜில்லாக்காரர் இப்படிப் பேசலாமா என்றுதான் நாம் கேட்கின்றோம்.

ஏனென்றால், 1956-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கப்படும் வரையில் நமது ஜில்லா மலையாள ராஜ்யத்துக்குள் இருந்த மண்ணாகும். அந்தத் திருவிதாங்கூரில், கீழ்ஜாதி என்று தள்ளி வைக்கப்பட்ட ஸ்திரீகள் மேல்ஜாதிக்காரன் எதிரில் மார்பைத் துணியால் மூடக்கூடாது என்பது வழக்கமாகவும் சட்டமாகவும் இருந்து வந்தது. திறந்து காட்டுவதே மரியாதை, மூடுவதே குற்றம் என்பது அந்த தர்ம ராஜ்யத்தின் நீதி! கல்குளத்திலும் இரணியலிலும் அகஸ்தீஸ்வரத்திலும் குப்பாயம் போட்டுக்கொண்டு வெளியே வந்த பெண்களின் மேலாடை பொது இடத்தில் வைத்துக் கிழிக்கப்பட்டது. வீடுகளும் ஜெபவீடுகளும் கொளுத்தப்பட்டன. 1822 முதல் 1859 வரையில் 37 வருஷ காலம், ஒரு முழத் துணிக்காக நமது பாட்டிமார்கள் அடிபட்டார்கள், உதைபட்டார்கள், ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு.

அந்தப் பெண்களைப் பார்த்து, "நீ யோக்கியமானவளாயிருந்தால் மறைக்க என்ன இருக்கின்றது?" என்று எவனாவது கேட்டால் அவனை நாம் மனிதன் என்று சொல்லுவோமா? அப்படியிருக்க அதே கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்வது எவ்வளவு வெட்கக்கேடான காரியம்? மூடுகின்றவன் குற்றவாளி என்பது ஆண்டானுடைய வாதமே ஒழிய மானமுள்ள மனிதனுடைய வாதமாகாது. எதை யார் முன்னால் திறப்பது, எதை மூடுவது என்று தீர்மானிக்கின்ற அதிகாரம் தன்னிடத்திலேயே இருப்பதற்குத்தான் சுயமரியாதை என்று பெயர். அது உடம்புக்கு உண்டு என்றால் கடிதத்துக்கும் உண்டு.

கார்டும் கவரும்

அஞ்சல் என்கின்ற வார்த்தை நமது ஜில்லாவுக்குப் புதியதல்ல. திருவிதாங்கூருக்கென்று தனியாக அஞ்சல் இலாகா ஒன்று இருந்து 1951-ல் தான் இந்தியத் தபால் இலாகாவோடு சேர்க்கப்பட்டது. மணி கட்டின கோலைக் கையில் பிடித்துக்கொண்டு அஞ்சல்காரன் ஓடின காலத்திலிருந்தே, எதைக் கார்டில் எழுதுவது, எதைக் கவரில் போட்டு ஒட்டுவது என்கின்ற புத்தி நமது பெரியவர்களுக்கு இருந்து வந்தது. நெல் விலையையும் மழை பெய்த சேதியையும் கார்டில் எழுதுவார்கள். மகள் கலியாணப் பேச்சையும், கடன் விஷயத்தையும், பாகப்பிரிவினைத் தகராறையும் கவரில் போட்டு ஒட்டி அனுப்புவார்கள். கவர் வாங்கினவனைத் திருடன் என்று தபாலாபீசில் யாரும் பிடித்து வைக்கவில்லை.

இன்றைய மின்னஞ்சல் கார்டா கவரா என்று கேட்டால், கார்டு என்றுதான் சொல்ல வேண்டும். வழியில் போகும்போது பெரும்பாலும் மூடித்தான் போகின்றது என்பது வாஸ்தவம். ஆனால் அந்த மூடி ஒரு தபாலாபீசுக்கும் அடுத்த தபாலாபீசுக்கும் நடுவில் மாத்திரம்தான். கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தில், அதாவது கம்பெனிக்காரனுடைய பெரிய கம்ப்யூட்டரில், அவன் நினைத்தால் படிக்கக்கூடிய நிலையிலேயே வருஷக்கணக்காய்க் கிடக்கின்றது. ஜிமெயில் கம்பெனியார் தங்களிடமுள்ள கடிதங்களை யந்திரத்தைக் கொண்டு படிக்கச் செய்து அதற்குத் தகுந்த விளம்பரம் காட்டி வந்தார்கள். அதை நிறுத்துவதாக அவர்கள் சொன்னதே 2017-ல் தான். நிறுத்தினது அவர்கள் தயவு. நம் கடிதத்தின் மானம் இன்னொருவன் தயவில் இருக்கலாமா?

கம்பெனிக்காரன் போகட்டும் என்றால் சர்க்கார் இருக்கின்றது. 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவின்படி கம்ப்யூட்டரில் போகும் எந்தச் சேதியையும் பார்க்க உத்தரவு போடலாம். 2018 டிசம்பர் 20-ந் தேதி உள்நாட்டு மந்திரி இலாகா இந்த அதிகாரத்துக்குப் 10 இலாகாக்களின் பேரை வரிசையாக எழுதி வெளியிட்டது. அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால்தான், 2017 ஆகஸ்டு 24-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டில் 9 ஜட்ஜுகள் ஒன்றாய் உட்கார்ந்து, அந்தரங்கம் என்பது மனிதனுடைய அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். தீர்ப்பு புத்தகத்தில் இருக்கின்றது. உத்தரவு நடப்பில் இருக்கின்றது.

மேடையில் உள்ளவனும் கடிதம் எழுதுகின்றவளும்

சர்க்காரைக் கண்டு நமது இயக்கம் பயந்ததில்லை. 1933 அக்டோபர் 29-ந் தேதி "குடி அரசு" தலையங்கத்துக்காக ராஜத்துரோக வழக்குத் தொடரப்பட்டு, பெரியாரும் அவர் தங்கை கண்ணம்மாளும் ஜெயிலுக்குப் போனார்கள். அது பேர் போட்டு அச்சடித்த எழுத்து. அப்படிப்பட்ட எழுத்தை இன்றும் யாரும் மறைக்கச் சொல்லவில்லை. நாம் சொல்லுவதெல்லாம், நமக்கு வருகின்ற கடிதங்களைப் பற்றித்தான்.

ஒரு பெண் இருக்கின்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வேறு ஜாதிப் பையனைக் கலியாணம் செய்துகொள்ள விரும்புகின்றாள். சுயமரியாதைக் கலியாணம் செல்லும் என்று 1967-ல் அண்ணா சர்க்கார் சட்டம் செய்திருக்கின்றது என்பதை எங்கேயோ படித்துவிட்டு, தன் பேர், ஊர், வயது, பையனுடைய ஜாதி, எந்தத் தேதியில் வீட்டை விட்டுக் கிளம்ப உத்தேசம் என்பது முதலிய எல்லாவற்றையும் நமக்கு மின்னஞ்சலில் எழுதுகின்றாள். ஆதார் நகலையும் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டையும் கூடவே இணைத்து அனுப்புகின்றாள். அந்தக் கடிதம் அவள் தமையன் கண்ணில் பட்டால் என்ன நடக்கும்? 2016 மார்ச்சு 13-ந் தேதி உடுமலைப்பேட்டையில், ஜாதி மாறிக் கலியாணம் செய்துகொண்ட சங்கர் என்கின்ற வாலிபர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பட்டப்பகலில் வெட்டப்பட்டதை நாடே பார்த்தது. அதைப் பார்த்த பிறகும் "மறைக்க என்ன இருக்கின்றது" என்று கேட்பவருக்கு நாம் என்ன பதில் சொல்லுவது?

நாத்திகரும் தப்பவில்லை. புனாவில் நரேந்திர தபோல்கர் 2013-லும், தார்வாரில் கல்புர்கி 2015-லும், பெங்களூரில் கௌரி லங்கேஷ் 2017-லும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில், வாட்ஸ்அப்பில் நாத்திகம் எழுதின ஒரு தோழர் வெட்டிக் கொல்லப்பட்டார். மேடை ஏறுகின்றவன் தன் தலையைப் பணயம் வைக்கின்றான். அது அவன் சொந்தத் துணிச்சல். ஆனால் நம்மை நம்பி எழுதின ஒரு கிராமத்து வாலிபனுடைய பேரையும் விலாசத்தையும் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கும்படி போட்டு வைப்பது எந்த வகைத் துணிச்சல்? அதற்குத் துரோகம் என்றுதான் பேர். ஆகவே பூட்டு நமக்காக அல்லவென்றாலும், நமக்கு எழுதுகின்றவர்களுக்காக நாம் போட்டே ஆகவேண்டியிருக்கின்றது.

அந்த மறையும் இந்த மறையும்

இப்படிப் பூட்டுவதற்கு இங்கிலீஷில் என்கிரிப்ஷன் என்றும் தமிழில் மறைகுறியாக்கம் என்றும் சொல்லுகின்றார்கள். "மறை" என்றவுடனே சில தோழர்களுக்குக் கோபம் வந்துவிடும். வேதத்துக்கும் தமிழில் மறை என்றுதானே பேர்! கௌதம தர்ம சூத்திரம் என்கின்ற புஸ்தகத்தில், வேதத்தைக் காது கொடுத்துக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்று என்று எழுதி வைத்து மறைத்தார்கள். அப்படி மறைத்த கூட்டத்தின் வேலையையா நாமும் செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

புரோகிதன் மறைத்தது வித்தையை. மந்திரம் என்ன, அதற்கு அர்த்தம் என்ன, அது பலிக்கின்றதா இல்லையா என்று யாரும் பரீட்சை பார்க்கக்கூடாது. காதோடு காதாய் ஓதிவிட்டு "நம்பு" என்று சொல்லுவான். திரையை விலக்கிப் பார்த்தால் சிதம்பர ரகசியம் போல உள்ளே ஒன்றுமிருக்காது. மறைகுறியாக்கம் என்கின்ற விஞ்ஞானமோ இதற்கு நேர் தலைகீழாக இருக்கின்றது. ஆலந்தில் பிறந்த கெர்க்ஹாஃப்ஸ் என்பவர் 1883-லேயே இதற்கு ஒரு விதி எழுதினார். பூட்டு செய்கின்ற முறை எதிரி கையில் அகப்பட்டாலும் பாதகமில்லாமல் இருக்க வேண்டும், சாவி ஒன்று மாத்திரம் ரகசியமாயிருந்தால் போதும் என்பதே அந்த விதியின் சாரமாகும். ஆகவேதான் நல்ல பூட்டு மென்பொருள்களின் முழு விவரத்தையும் உலகமெல்லாம் படிக்கும்படி வெளியிடுகின்றார்கள். படித்தவர்கள் ஓட்டை இருக்கின்றதா என்று தேடுகின்றார்கள். கண்டுபிடித்தால் பகிரங்கமாய்ச் சொல்லுகின்றார்கள், திருத்துகின்றார்கள். வித்தை எல்லோருக்கும் பொது, சாவி அவனவனுக்குச் சொந்தம். பகுத்தறிவுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு என்ன இருக்க முடியும்? ஆதலால், "எங்கள் முறை பரம ரகசியம், அதனால் மிகவும் பத்திரமானது" என்று சொல்லி எவனாவது உங்களிடம் மென்பொருள் விற்க வந்தால் அவனைத் தாயத்துக்காரன் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள்.

பூட்டைக் கொடு, சாவியைக் கொடுக்காதே

இனி இது எப்படி வேலை செய்கின்றது என்று பார்ப்போம். திண்டுக்கல் பூட்டில் அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் ஜாதி ஒன்று உண்டு. பூட்டுவதற்குச் சாவி வேண்டியதில்லை, திறப்பதற்குத்தான் வேண்டும். அப்படிப்பட்ட பூட்டு ஆயிரம் செய்து, திறந்தபடியே ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நீங்கள் கொடுத்து விடுகின்றீர்கள். சாவி ஒன்றே ஒன்று, அது உங்கள் மடியில் இருக்கின்றது. தக்கலையில் உள்ள ஒருவர் ஒரு பெட்டியில் கடிதத்தை வைத்து உங்கள் பூட்டைப் போட்டு அமுக்கி அனுப்புகின்றார். அமுக்கின பிறகு அவராலேயே அதைத் திறக்க முடியாது. வழியில் எத்தனை பேர் கைமாறினாலும் கவலையில்லை. உங்கள் சாவிக்குத்தான் திறக்கும். இதில் ஊருக்குக் கொடுக்கின்ற பூட்டுக்குப் பொதுச் சாவி என்றும், மடியில் உள்ளதற்குத் தனிச் சாவி என்றும் பேர் வைத்திருக்கின்றார்கள்.

இந்த யோசனையை 1976-ல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்கின்ற இருவர் வெளியிட்டார்கள். மறு வருஷமே ரிவெஸ்ட், ஷமிர், ஏடெல்மன் என்கின்ற மூவர் கணக்கைக் கொண்டு அந்தப் பூட்டைச் செய்து காட்டினார்கள். கணக்கு ஒன்றும் மாயமில்லை. 61-ஐ 53-ஆல் பெருக்கச் சொன்னால் பள்ளிக்கூடப் பையன் 3233 என்று சொல்லிவிடுவான். ஆனால் 3233-ஐக் கொடுத்து, எந்த இரண்டு எண்ணைப் பெருக்கினால் இது வரும் என்று கேட்டால் வாத்தியாரே சற்று நேரம் தலையைச் சொறிவார். நிஜமான பூட்டில் அந்த எண் 900 இலக்கத்துக்கு மேல் இருக்கும். அதைப் பிரித்துக் காட்ட இன்று உலகத்தில் உள்ள எந்த யந்திரத்தாலும் முடியாது.

1991-ல் ஃபில் சிம்மர்மன் என்பவர் இந்தப் பூட்டை சாதாரண ஜனங்களின் மின்னஞ்சலுக்கு ஏற்றபடி பிஜிபி என்கின்ற பேரால் செய்து இலவசமாய் வெளியிட்டார். அவர் அணுகுண்டு எதிர்ப்பு இயக்கத்தில் வேலை செய்தவர். அமெரிக்க சர்க்கார் இதை ஆயுத ஏற்றுமதி என்று சொல்லி 1993 முதல் 1996 வரையில் அவர்மேல் விசாரணை நடத்தியது. அதற்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? மென்பொருளின் விவரம் முழுவதையும் 1995-ல் புஸ்தகமாக அச்சுப் போட்டுவிட்டார்! புஸ்தகத்தை ஆயுதம் என்று சொல்ல அந்த சர்க்காருக்குத் துணிவு வரவில்லை. அதே முறையில் ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கோஹ் என்பவர் செய்த குனுபிஜி என்கின்ற மென்பொருள் 1999-ல் முழுமையாய் வெளிவந்தது. அதற்கும் இன்று வரையில் காலணா கொடுக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது என்ன?

இதற்குப் பெரிய படிப்பு வேண்டும் என்று மலைக்க வேண்டாம். தண்டர்பேர்டு என்று ஒரு மின்னஞ்சல் மென்பொருள் இலவசமாய்க் கிடைக்கின்றது. 2020-ல் வந்த அதன் 78-வது பதிப்பிலிருந்து இந்தப் பூட்டு அதற்குள்ளேயே இருக்கின்றது. அதை உங்கள் கம்ப்யூட்டரில் போட்டு, இப்போதுள்ள மின்னஞ்சல் கணக்கையே அதில் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு கணக்கின் அமைப்புகளில் மறைகுறியாக்கம் என்கின்ற பகுதிக்குப் போய்ப் புதிய சாவி உண்டாக்கச் சொன்னால், பூட்டும் சாவியும் சில நிமிஷத்தில் தயாராகிவிடும். பூட்டை, அதாவது பொதுச் சாவியை, நண்பருக்கு இணைத்து அனுப்புங்கள். அவர் தம்முடையதை உங்களுக்கு அனுப்பட்டும். அதற்குப் பிறகு கடிதம் எழுதி, மறைகுறியாக்கு என்கின்ற பொத்தானை அமுக்கி அனுப்ப வேண்டியதுதான்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. நண்பர் பேரால் வந்த பூட்டு நண்பருடையதுதானா, அல்லது நடுவில் எவனாவது தன் பூட்டை மாற்றி வைத்தானா என்று பார்க்காமல் நம்பக்கூடாது. ஒவ்வொரு பூட்டுக்கும் கைரேகை என்று 40 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் உண்டு. வடசேரி பஸ் ஸ்டாண்டிலோ, நாகர்கோவில் மணிமேடை பக்கத்திலோ நண்பரை நேரில் கண்டு, அவர் சீட்டில் உள்ளதும் உங்கள் திரையில் உள்ளதும் ஒன்றுதானா என்று எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரில் காண முடியாதவர் தெரிந்த குரலில் டெலிபோனில் படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

அடுத்தது கடவுச்சொல். தண்டர்பேர்டில் முதன்மைக் கடவுச்சொல் ஒன்று வைத்தால்தான் உள்ளே இருக்கும் சாவி பத்திரமாயிருக்கும். நமது ஜனங்களில் அனேகர் இதற்குக் குலதெய்வத்தின் பேரையும் பிறந்த வருஷத்தையும் சேர்த்து வைக்கின்றார்கள். ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் திருடன் வரமாட்டான் என்பதும் அவர்கள் நம்பிக்கை! கடவுச்சொல்லில் கடவு இருக்கின்றதே ஒழியக் கடவுளுக்கு அங்கே வேலையில்லை. திருடனுடைய யந்திரம் முதலில் முயற்சி செய்வதே சாமி பேர்களையும் சினிமாக்காரர் பேர்களையும்தான். நல்ல வழி என்னவென்றால், 7776 வார்த்தைகள் கொண்ட ஜாபிதா ஒன்றை வைத்துக்கொண்டு, பகடையை ஐந்து தடவை உருட்டி வருகின்ற எண்ணுக்குரிய வார்த்தையை எடுப்பதாகும். இப்படி ஆறு வார்த்தைகள் எடுத்தால், ஊகித்துப் பார்க்கின்றவன் முயற்சி செய்ய வேண்டிய வகைகள் 24 இலக்கம் கொண்ட எண்ணாகிவிடும். பகடைக்கு சாமியும் தெரியாது, ஜாதியும் தெரியாது. ஆகவேதான் அது யோக்கியமாய் வேலை செய்கின்றது.

கொதிக்கும் நெய் வேண்டாம்

இதே சாவியைக் கொண்டு கையெழுத்தும் போடலாம். உங்கள் தனிச் சாவியால் போட்ட கையெழுத்தை உங்கள் பொதுச் சாவியை வைத்திருக்கும் எவரும் சரிபார்க்கலாம். கடிதத்தில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் கையெழுத்து பொருந்தாது என்று தெரிந்துவிடும். சொன்னது மெய்யா பொய்யா என்று தெரிந்துகொள்ள நமது முன்னோர் என்ன செய்தார்கள்? சுசீந்திரம் கோயிலில் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரியைக் கொதிக்கும் நெய்யில் கையை விடச் சொன்னார்கள்! கை வெந்தால் குற்றவாளியாம், வேகாவிட்டால் யோக்கியனாம். நெய்க்கு ஞாயம் தெரியும் என்று நம்பின காலம் அது. இன்று கணக்கு சாட்சி சொல்லுகின்றது, யார் கையும் வேக வேண்டியதில்லை.

இது சின்ன விஷயம் என்று நினைக்கக்கூடாது. 1982-ல் மண்டைக்காட்டில் மதத்தின் பேரால் மூண்ட கலகத்தையும், அதில் போன உயிர்களையும் நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றார்கள். இப்படிப்பட்ட ஜில்லாவில், ஒரு சங்கத்தின் பேராலோ ஒரு தலைவர் பேராலோ ஒரு பொய்க் கடிதம் கிளம்பினால் அதன் பலன் என்னவாகும் என்று நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியும் பெண்டிரைவும்

கடிதத்தைப் பூட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்து போட்டால் என்ன பிரயோஜனம்? மெம்பர் ஜாபிதா, சந்தாதாரர் விலாசம், வீட்டுப் பத்திரம், பட்டா, வளைகுடாவில் உள்ள மகனுடைய பாஸ்போர்ட் நகல் ஆகிய எல்லாம் ஒரு பெண்டிரைவில் கிடக்கின்றன. அது கோட்டாறு சந்தையில் சட்டைப்பையிலிருந்து விழுந்தால் எடுத்தவன் பாடு கொண்டாட்டம்தான். இதற்கு வெராகிரிப்ட் என்கின்ற இலவச மென்பொருள் இருக்கின்றது. கடவுச்சொல் போட்டால் திறக்கின்ற பெட்டி ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள்ளேயோ பெண்டிரைவிலேயோ அது செய்து கொடுக்கும். பெட்டி மூடியிருக்கும்போது பார்க்கின்றவனுக்கு அர்த்தமில்லாத எழுத்துக் குப்பையே தெரியும். ஒன்றிரண்டு தஸ்தாவேஜை மாத்திரம் பூட்ட வேண்டுமானால் செவன்-ஜிப் போதும். ஜெராக்ஸ் கடைக்காரர் மின்னஞ்சலுக்கு ஆதாரை அனுப்பிவிட்டு, பிரிண்டு எடுத்ததும் மறந்துவிட்டு வருகின்ற வழக்கத்தையும் அத்தோடு விட்டுவிட வேண்டும். கடைக்காரர் யோக்கியராகவே இருக்கலாம். அவருடைய கம்ப்யூட்டரில் நாளைக்கு யார் உட்காருவார் என்று அவருக்கே தெரியாது.

பூட்டால் ஆகாத காரியம்

வைதிகனைப் போல இதை அணிந்தால் சர்வ பயமும் தீரும் என்று நாம் சொல்ல வரவில்லை. பூட்டால் ஆகாததையும் சொல்லிவிடுகின்றோம். யார், யாருக்கு, எப்பொழுது எழுதினார் என்பது கவரின்மேல் விலாசம் போல வெளியே தெரியும். கடிதத்தின் தலைப்புங்கூடச் சில மென்பொருள்களில் மூடாமலே போகும். ஆகையால் தலைப்பில் விஷயத்தை எழுதக்கூடாது. கடவுச்சொல்லை மறந்தாலும் சாவியைத் தொலைத்தாலும் எந்தக் கம்பெனியும் திறந்து கொடுக்காது. சாவியின் நகல் ஒன்றைக் கடவுச்சொல் போட்டு வேறிடத்தில் வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, திருடன் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தால் வாசல் பூட்டு பயன்படாது. நமக்குப் பக்கத்தில் உள்ள கூடங்குளம் அணு உலையின் நிர்வாகக் கம்ப்யூட்டரிலேயே 2019-ல் வேவு மென்பொருள் புகுந்தது. முதல் நாள் இல்லை என்றார்கள். மறுநாள், அக்டோபர் 30-ந் தேதி, அணுமின் கழகமே உண்டு என்று ஒப்புக்கொண்டது. பெகாசஸ் என்கின்ற மென்பொருள் செல்போனுக்குள் புகுந்துகொண்டு, பூட்டைத் திறந்து படிக்கின்றவனுடைய தோளுக்குப் பின்னால் நின்று தானும் படிக்கின்றது என்பது 2021-ல் உலகமெல்லாம் நாறிப்போன விஷயம். ஆகவே கம்ப்யூட்டரையும் செல்போனையும் அவ்வப்போது புதுப்பித்து வைப்பதும், கண்ட இணைப்பைத் திறக்காமலிருப்பதும் பூட்டைப் போலவே அவசியமாகும். மேற்படி 69-வது பிரிவின்படி உத்தரவு வந்து, திறந்து காட்ட மறுத்தால் 7 வருஷம் வரையில் தண்டனை உண்டு என்பதையும் தெரிந்துகொண்டே செய்ய வேண்டும். பூட்டுவது குற்றமல்ல என்பதையும் அதனோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாதி மூடு என்கின்ற நீதி

நிற்க, 1859 ஜூலை 26-ந் தேதி திருவிதாங்கூர் சர்க்கார் கடைசியாக விட்டுக் கொடுத்தபோது எப்படி விட்டுக் கொடுத்தது? மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்ஜாதிப் பெண்கள் மூடுகின்ற மாதிரி மூடக்கூடாது என்று சொன்னது. மூடு, ஆனால் உன் யோக்கியதை எங்களுக்குத் தெரியும்படி மூடு என்பதுதான் அதன் அர்த்தம். 2015 செப்டம்பரில் டில்லி சர்க்கார் ஒரு மறைகுறியாக்கக் கொள்கை நகல் வெளியிட்டது. பூட்டி அனுப்புகின்றவர்கள் அந்தச் சேதியின் திறந்த நகலை 90 நாள் வைத்திருந்து கேட்டபோது காட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மூடு, ஆனால் 90 நாள் திறந்து வை! இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், செப்டம்பர் 22-ந் தேதி அந்த நகல் வாபசாகிவிட்டது. கூச்சல் போடாதிருந்தால் அதுவே சட்டமாகியிருக்கும் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

இதெல்லாம் தொல்லையான வேலை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். அமெரிக்க சர்க்கார் உலகத்தையே வேவு பார்க்கின்றது என்பதை வெளிப்படுத்த எட்வர்ட் ஸ்னோடன் 2012 டிசம்பரில் க்ளென் கிரீன்வால்ட் என்கின்ற பத்திரிகைக்காரருக்கு, பேர் சொல்லாமல் எழுதி, பிஜிபி போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டார். செய்யும் முறையைக்கூடச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். கிரீன்வால்ட் தொல்லை என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். பூட்டத் தெரிந்த லாரா பொய்ட்ரஸ் என்கின்ற அம்மையார் மூலமாகத்தான் 2013 ஜூனில் அந்தச் சேதி வெளியே வந்தது. சோம்பலால் உலகச் சேதி ஒன்று கைநழுவப் பார்த்தது. நமக்கு எழுத நினைக்கின்ற பெண்ணோ, பூட்டு இல்லை என்று தெரிந்தால் எழுதாமலே இருந்துவிடுவாள். அவள் எழுதாமல் போனது நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஆதலால் தோழர்களே, கிளைச் சங்கம் ஒவ்வொன்றிலும் இந்த வாரமே இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் பூட்டை மாற்றிக்கொண்டு, ஒரு கடிதமாவது பூட்டி அனுப்பிப் பார்க்க வேண்டும். முதல் கடிதத்தில் தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ என்ன விலை என்பதையே எழுதினாலும் போதும். ரகசியம் இருந்தால்தான் பூட்டுவது என்று வைத்தால், பூட்டின கடிதமெல்லாம் சந்தேகக் கடிதமாகிவிடும். ஆபத்திலுள்ள அந்த ஒருத்தியின் கடிதம் தனியாய்த் தெரிந்துவிடும். எல்லோரும் பூட்டி அனுப்பினால், அவள் கடிதமும் கூட்டத்தோடு கூட்டமாய்ப் போய்ச் சேரும். இன்றைக்கு இரணியல் சந்தைக்கு மேலாடையோடு வருகின்ற பெண்ணைப் பார்த்து ஏன் மூடினாய் என்று கேட்க எவனுக்கும் நாக்கு எழுவதில்லை. எல்லோரும் மூடினதனால்தான் அது வந்தது. கடிதத்துக்கும் அந்த நிலை வரவேண்டுமானால் முதலில் நாம் மூட வேண்டும் என்று தெரிவித்துக்கொள்ளுகின்றோம்.